இருபது வண்ணங்களும் ஒரு பொத்தானும்

1992இல் வெளிவந்த விண்டோஸ் 3.1இல் கண்ட்ரோல் பேனலைத் திறந்தால் முதல் ஐகானே ‘கலர்’தான். அதைச் சொடுக்கினால் ஒரு மாதிரித் திரை வரும். தலைப்புப் பட்டை, மெனு, மெனு எழுத்து, பொத்தானின் முகம், பொத்தானின் நிழல், சாளரத்தின் ஓரம், ஸ்க்ரோல் பார், தேர்ந்தெடுத்த வரியின் பின்னணி என்று அதில் இருபது பாகங்களுக்குக் குறையாது. எதை வேண்டுமானாலும் தொட்டு, அதற்கு மட்டும் ஒரு வண்ணம் கொடுக்கலாம். எடுத்துக்கொள்ள 48 வண்ணங்கள் தயாராக இருக்கும். நாமே கலந்து சேர்த்துக்கொள்ள இன்னும் 16 கட்டங்கள் காலியாக இருக்கும். முடித்த பிறகு எல்லாம் வின்.ஐஎன்ஐ என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் போய்ச் சேரும். பாகத்தின் பெயர், சமக்குறி, சிவப்பு, பச்சை, நீலத்துக்கு மூன்று எண்கள், அவ்வளவுதான். நோட்பேடில் திறந்து எண்ணை மாற்றினாலும் அதே பலன் கிடைக்கும்.

இன்றைய விண்டோஸ் 11இல் இதே வேலைக்குச் செட்டிங்ஸில் உள்ள ‘பர்சனலைசேஷன்’ பகுதிக்குப் போக வேண்டும். அங்கே முதன்மையான கேள்வி ஒன்றுதான்: வெளிச்சமா, இருட்டா? கூடவே ஒரு துணை நிறம், ஒரு வால்பேப்பர். ரெஜிஸ்ட்ரியில் தேடிப் பார்த்தால், செயலிகளின் தோற்றத்தை முடிவு செய்வது ஒரே ஓர் எண். 0 என்றால் கறுப்பு, 1 என்றால் வெள்ளை.

இருபது வண்ணங்கள் ஒரு பொத்தானாகச் சுருங்கியதை வெறும் இழப்பாக நான் பார்க்கவில்லை. பழைய நாட்களில் நமக்கு நிறைய விருப்பங்கள் இருந்தன. ஆனால் எதையும் மாற்றாத ஒருவருக்குக் கிடைத்தது மிகக் குறைவு. இன்று விருப்பங்கள் குறைந்துவிட்டன. எதையும் தொடாதவருக்கோ முன்னைவிடப் பல மடங்கு கிடைக்கிறது. அதிலும் தமிழில் கணினியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த இரண்டாவது மாற்றம் எவ்வளவு பெரியது என்பதைப் பழைய கணினிகளோடு போராடியவர்கள் அறிவார்கள். அதே நேரம், கைக்கு எட்டிய சில உரிமைகள் சத்தமில்லாமல் பறிபோயிருக்கின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

விண்டோஸ் 3.1 தன்னோடு சில வண்ணத் தொகுப்புகளையும் கொண்டுவந்தது. அரிசோனா, போர்டோ, ஓஷன், ஃப்ளூரசண்ட் என்றெல்லாம் பெயர்கள். அவற்றில் இன்றுவரை பேசப்படுவது ‘ஹாட் டாக் ஸ்டாண்ட்’. சிவப்பும் மஞ்சளும் முழு வீரியத்தில் எதிரெதிரே நிற்கும் தொகுப்பு அது. பத்து நிமிடம் பார்த்தால் கண் கூசும். கணினி வரலாற்றின் மோசமான வடிவமைப்புகளுக்கு உதாரணமாக அதைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. ஒரு நிறுவனம் தன் பொருளின் முகம் இப்படி ஆனாலும் பரவாயில்லை, திரை பயன்படுத்துகிறவருடையது என்று விட்டுக்கொடுத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் ‘பிளாஸ்மா பவர் சேவர்’ என்றும் ஒன்று உண்டு. அன்றைய சில மடிக்கணினிகளில் இருந்த பிளாஸ்மா திரைகளுக்காகச் செய்தது. எல்சிடி திரைகளுக்கென்று தனித் தொகுப்புகளும் இருந்தன. ஒற்றை நிறத் திரைகளும் 16 நிறத் திரைகளும் புழக்கத்தில் இருந்த காலம். எந்தத் திரையில் எது தெளிவாகத் தெரியும் என்று விற்பவருக்கே உறுதியில்லை. ஆகவே வண்ணம் மாற்றும் வசதி அன்று அலங்காரம் அல்ல, எழுத்து கண்ணில் படுவதற்கான அவசியம்.

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது இந்த உரிமை இன்னும் விரிந்தது. டெஸ்க்டாப்பில் வலது சொடுக்கு, ‘ப்ராப்பர்டீஸ்’, ‘அப்பியரன்ஸ்’ என்ற தாவல். இப்போது வண்ணம் மட்டுமல்ல, தலைப்புப் பட்டையின் உயரம், ஸ்க்ரோல் பாரின் அகலம், மெனுவின் எழுத்துரு, அதன் அளவு எல்லாம் நம் கையில். மெனு எழுத்தை மட்டும் 14 புள்ளியாக்கிவிட்டு மற்றதை அப்படியே விடலாம். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அந்த ஒரு கட்டம் செய்த உதவி பெரிது. அதே ஆண்டு தனியாக விற்கப்பட்ட ‘பிளஸ்!’ தொகுப்பு, ‘தீம்’ என்ற சொல்லை வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. வால்பேப்பர், மவுஸ் அம்பு, ஐகான், ஒலி, ஸ்கிரீன் சேவர் எல்லாம் ஒரே கதையில் பொருந்தும்படி கட்டிய பொட்டலங்கள். லியோனார்டோ டா வின்சியின் பெயரில் ஒன்று, ஆபத்தான விலங்குகள் என்று ஒன்று, மர்மம் என்று ஒன்று.

இதெல்லாம் எப்படிச் சாத்தியமாயிற்று என்பதில்தான் பின்னால் வந்த சிக்கலின் விதையும் இருக்கிறது. அன்று ஒரு செயலி தன் பொத்தானைத் தானே வண்ணம் தீட்டாது. “பொத்தானின் முகத்துக்கு இப்போது என்ன நிறம்?” என்று இயங்குதளத்தைக் கேட்கும். இயங்குதளம் சொல்லும் எண்ணை வைத்து வரையும். பயனர் நிறத்தை மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் எல்லாச் செயலிகளுக்கும் ஒரு செய்தி போகும். எல்லாம் தம்மைத் திரும்ப வரைந்துகொள்ளும். கேட்டு நடக்கும் வரை ஒழுங்குதான். ஆனால் பின்னணியை மட்டும் கேட்டுவிட்டு, எழுத்து எப்படியும் கறுப்பாகத்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்ட நிரலாளர்கள் ஏராளம். அவர்கள் செய்த செயலியில், கறுப்புப் பின்னணி வைத்திருப்பவர் கறுப்பின் மேல் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். லினக்ஸில் இருட்டுத் தீம் போட்டு ஃபயர்ஃபாக்ஸ் ஓட்டியவர்கள் இதே நோயின் மறுபக்கத்தைப் பல ஆண்டுகள் பார்த்திருப்பார்கள். வலைப்பக்கத்தின் படிவத்தில் வெள்ளைப் பெட்டிக்குள் வெள்ளை எழுத்து. என்ன தட்டினோம் என்றே தெரியாது.

2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. தமிழ்நாட்டில் பலர் முதன்முதலில் தொட்ட கணினி முகம் அதுதான். நீலப் பட்டை, பச்சை ஸ்டார்ட் பொத்தான், பின்னால் கலிபோர்னியாவின் சோனோமா மாவட்டத்தில் சார்லஸ் ஓ’ரியர் 1996இல் எடுத்த பச்சை மேட்டின் படம். ப்ரௌசிங் சென்டர்களில், டிடிபி கடைகளில், அரசு அலுவலகங்களில் அந்த மேடு நம் ஊர்ப் புறம்போக்கு நிலம்போல அவ்வளவு பழகிப்போயிற்று. ‘லூனா’ என்று பெயரிட்ட அந்தத் தோற்றத்துக்கு நீலம், ஆலிவ் பச்சை, வெள்ளி என மூன்றே வண்ணங்கள். இங்கேதான் முதல் கதவு பாதி சாத்தப்பட்டது. பொத்தான்களையும் பட்டைகளையும் இனி வெறும் வண்ண எண் தீர்மானிக்காது. ஒரு படத் தொகுப்புக் கோப்பு தீர்மானிக்கும். அந்தக் கோப்பில் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் இருந்தால்தான் விண்டோஸ் ஏற்கும். உலகெங்கும் இளைஞர்கள் அந்தச் சோதனையைச் செய்யும் டிஎல்எல் கோப்பையே திருத்தி எழுதி, தாங்கள் செய்த தீம்களை ஏற்றினார்கள். இன்னொரு பக்கம், 128 எம்பி நினைவகத்தோடு திணறிய கணினிகளில் எக்ஸ்பியின் புதிய முகத்தைக் கழற்றிவிட்டு, ‘கிளாசிக்’ என்ற பழைய சாம்பல் தோற்றத்துக்குத் திரும்பியவர்களும் அதே அளவு இருந்திருப்பார்கள். கணினி பழுதுபார்க்க வருகிறவர்கள் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று அது. அழகைக் குறைத்தால் வேகம் கொஞ்சம் கூடும். இரண்டில் எது வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம்.

அந்த ஆண்டுகளின் உற்சாகத்தை முழுதாகப் புரிந்துகொள்ள வின்ஆம்பைப் பார்க்க வேண்டும். 1997இல் நல்சாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட பாட்டுக் கருவி. விடுதி அறைகளில் எம்பி3 கோப்புகளாக ரகுமானையும் ராஜாவையும் கேட்ட தலைமுறைக்கு அதன் சின்ன கறுப்புச் சாளரத்தை நினைவூட்டவே தேவையில்லை. அதற்குச் ‘ஸ்கின்’ மாட்டலாம். ஒரு ஸ்கின் என்பது சில பிஎம்பி படங்களை ஜிப் செய்து, கோப்பின் வாலை மாற்றியது. வேறு இரகசியம் எதுவுமில்லை. முதன்மைப் படம் 275 புள்ளி அகலம், 116 புள்ளி உயரம். விண்டோஸோடு வரும் பெயின்ட் செயலியைத் திறந்து, இருக்கும் படத்தின் மேல் வரைந்து சேமித்தால் போதும். நிரல் எழுதத் தெரிய வேண்டாம். மரப்பலகை, துருப்பிடித்த இரும்பு, சினிமா நாயகர்கள், கால்பந்து அணிகள் என்று வரைந்து குவித்தார்கள். இணையத்தில் உள்ள வின்ஆம்ப் ஸ்கின் அருங்காட்சியகத்தில் 65,000க்கும் மேற்பட்டவை சேர்த்துவைக்கப்பட்டிருக்கின்றன. 2000இல் தொடங்கிய டீவியன்ட்ஆர்ட் என்ற பெரிய ஓவியத் தளம்கூட முதலில் இப்படிப்பட்ட ஸ்கின்களைப் பகிர்ந்துகொள்ளும் இடமாகத்தான் பிறந்தது. ஒரு செயலியின் முகத்தை வரையப் போய் ஓவியர்களானவர்கள் உண்டு. இன்றைய பாட்டுச் செயலிகளில் அப்படி ஒரு வாசலை நான் எங்கும் பார்க்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அன்றைய காலமே மேல் என்று தயங்காமல் சொல்வேன். பெயின்ட் செயலி தெரிந்த ஒரு பள்ளிப் பிள்ளை, தான் அன்றாடம் பார்க்கும் பொருளின் வடிவத்தில் கைவைக்க முடிந்தது. அது சாதாரண விஷயமில்லை.

ஆப்பிள் ஆரம்பத்திலிருந்தே வேறு வழி. 1998இல் வந்த மேக் ஓஎஸ் 8.5இன் உட்கட்டமைப்பு தீம்களை மாற்றிக்கொள்ளும்படிதான் கட்டப்பட்டிருந்தது. சோதனைப் பதிப்புகளில் ‘கிஸ்மோ’, ‘ஹைடெக்’, ‘டிராயிங் போர்டு’ என்ற தோற்றங்கள் இருந்தன. ஆனால் விற்பனைக்கு வந்தபோது ‘பிளாட்டினம்’ ஒன்று மட்டுமே எஞ்சியது. 2001இல் மேக் ஓஎஸ் டென் வந்தபோது இரண்டே விருப்பங்கள்: நீலம் அல்லது கிராஃபைட் சாம்பல். அந்தச் சாம்பலும், படம் திருத்துகிறவர்களின் கண்ணை வண்ணப் பொத்தான்கள் திசைதிருப்புகின்றன என்பதற்காகச் சேர்த்தது. குறைவாகக் கொடு, கொடுப்பதை இழைத்துக் கொடு என்ற அந்தக் கொள்கைதான் கடைசியில் எல்லோரையும் வென்றது.

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது ‘கிளாசிக்’ தோற்றம் போயிற்று. பாகம் பாகமாக வண்ணம் மாற்றும் அந்தப் பழைய பெட்டியும் போயிற்று. லினக்ஸ் உலகிலும், மாற்றம் என்றாலே லினக்ஸ் என்று பெயர் வாங்கிய அந்த உலகிலும், 2019இல் க்னோம் சூழலுக்குச் செயலிகள் எழுதும் நிரலாளர்கள் சிலர் சேர்ந்து ஒரு திறந்த கடிதம் வெளியிட்டார்கள். எங்கள் செயலிகளுக்குத் தீம் பூசாதீர்கள் என்பது அதன் சாரம். லினக்ஸ் வழங்கல்கள் தம் விருப்பப்படி ஒரு தீமைத் திணித்துவிட்டால், ஐகான் மறைகிறது, எழுத்து மங்குகிறது, பொத்தான் பாதி வெட்டுப்படுகிறது. திட்டு மட்டும் செயலி எழுதியவருக்கு வருகிறது என்பது அவர்களின் நியாயம். 2022இல் வந்த க்னோம் 42 முதல் அந்தச் சூழலின் முக்கியச் செயலிகள் ஒரே தோற்றத்துக்கு மாறிக்கொண்டன. வெளிச்சம், இருட்டு என்ற விருப்பம் மட்டும் முறையாகக் கொடுக்கப்பட்டது. இரண்டரை ஆண்டு கழித்து, க்னோம் 47இல், துணை நிறம் மாற்றும் வசதி வந்தது. பக்கத்திலேயே கேடிஈ சூழல், எல்லாவற்றையும் மாற்றலாம் என்ற பழைய கொள்கையை இன்றும் விடாமல் வைத்திருக்கிறது. எனக்குக் கேடிஈயின் பக்கம் சாய்வு அதிகம். ஆனாலும் அந்தக் கடிதம் எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு செயலியை எத்தனை விதமான முகத்தோடு சோதித்துப் பார்க்க முடியும்? மடிக்கணினி, 4கே திரை, தொடுதிரை என்று அளவுகள் பெருகிய பிறகு, எண்ணற்ற தீம்களிலும் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்பது நிறைவேற்ற முடியாத வாக்குறுதி. வெளிச்சம், இருட்டு என்று இரண்டே முகம் என்றால் இரண்டையும் ஒழுங்காகச் செய்துவிடலாம்.

இருட்டின் கதை தனி. டாஸ் காலத்தில் கறுப்புத் திரையில் வெளிர் எழுத்துதான் இயல்பு. பிறகு திரை என்பது காகிதம் போல இருக்க வேண்டும் என்ற எண்ணம் வந்து, எல்லாம் வெள்ளையாயிற்று. 2012இல் ஃபோட்டோஷாப் சிஎஸ்6 தன் இயல்பான தோற்றத்தை அடர்சாம்பலாக்கியது. நான்கு படி வெளிச்சத்தில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளவும் விட்டது. 2016இல் விண்டோஸ் 10இன் ஆண்டுநிறைவுப் பதிப்பு டார்க் மோட் பொத்தானைக் கொடுத்தது. ஆனால் ஃபைல் எக்ஸ்புளோரர் இருட்டாக மாற 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 2018 செப்டம்பரில் மேக்ஓஎஸ் மோஹாவியும் டார்க் மோடோடு வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் வெளியான கிம்ப் 2.10, இருட்டுத் தோற்றத்தையும் வண்ணமில்லாத குறியீட்டு ஐகான்களையும் இயல்பாக வைத்தது. படம் திருத்தும்போது சுற்றிலும் இருட்டாக இருந்தால் படத்தின் நிறம் சரியாகத் தெரியும் என்பது காரணம். பல்லாண்டு வண்ண ஐகான்களைப் பார்த்துக் கை பழகியவர்கள் கருவிகளைத் தேடித் திணறினார்கள். ஆனால் ‘ப்ரிஃபரன்ஸஸ்’ உள்ளே போய்த் தீமையும் ஐகானையும் தனித்தனியே பழைய நிலைக்கு மாற்றிக்கொள்ளும் வழியை கிம்ப் விட்டுவைத்தது. புதிய இயல்பைக் கொடு, பழையதற்கான கதவை மூடாதே. இயல்புநிலையை மாற்றும் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டிய பண்பு இது.

டார்க் மோட் கண்ணுக்கு நல்லது என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். எல்லோருக்கும் அப்படியில்லை. ஜெர்மனியின் ட்யூசல்டார்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இளையோர், முதியோர் இரு பிரிவினருமே வெள்ளையில் கறுப்பு எழுத்தைத்தான் துல்லியமாகப் படித்தார்கள். வெளிச்சத்தில் கண்பாவை சுருங்குகிறது, பிம்பம் கூர்மையாகிறது. மின்சாரம் மிச்சம் என்பதும் ஓஎல்ஈடி திரைகளுக்குப் பொருந்துமே தவிர, பின்னாலிருந்து எப்போதும் ஒளி வீசும் சாதாரண எல்சிடி திரைக்குப் பெரிதாகப் பொருந்தாது. ஆனால் கண்புரை தொடங்கியவர்கள், வெளிச்சம் பட்டால் தலைவலி வருகிறவர்கள், இரவில் வேலை செய்கிறவர்கள் இருட்டை விரும்புவதற்கு நியாயமான காரணம் உண்டு. ஆக இந்தப் பொத்தானின் உண்மையான பெருமை கறுப்பில் இல்லை. ஒரே இடத்தில் மாற்றினால் இயங்குதளமும் செயலிகளும், 2019 முதல் உலாவிகள் வழியாக வலைத்தளங்களும்கூட, சேர்ந்து மாறுகின்றன என்பதில் இருக்கிறது. இருபது வண்ணங்கள் இருந்த காலத்தில் இந்த ஒற்றுமை ஒருபோதும் கிடைக்கவில்லை.

இனி, எதையும் மாற்றாதவர்களைப் பற்றி. அவர்கள்தான் பெரும்பான்மை. பயன்பாட்டு ஆய்வாளர் ஜேரட் ஸ்பூல் ஓர் அனுபவத்தை எழுதியிருக்கிறார். மைக்ரோசாஃப்ட் வேர்டின் செட்டிங்ஸ் கோப்பைச் சில நூறு பேரிடமிருந்து வாங்கிப் பார்த்தாராம். ஏதாவது ஒன்றையாவது மாற்றியிருந்தவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. தானாகச் சேமிக்கும் வசதி அன்று இயல்பாக அணைக்கப்பட்டிருந்தது. கேட்டபோது, நிறுவனம் ஏதோ யோசித்துத்தான் அப்படி வைத்திருக்கும் என்று மக்கள் சொன்னார்கள். விசாரித்தால், நிரலாளர் ஒருவர் அந்தக் கோப்பை எல்லாம் பூஜ்யமாக ஆரம்பித்து வைத்ததுதான் காரணம் என்று தெரிந்ததாம். யாரும் யோசிக்காத ஒரு பூஜ்யத்தை எத்தனையோ பேர் நம்பி, எழுதியதை இழந்திருக்கிறார்கள்.

எழுத்துரு இன்னொரு சாட்சி. 2007க்கு முன் வேர்டில் தட்டிய கடிதமெல்லாம் டைம்ஸ் நியூ ரோமன். 2007க்குப் பிறகு கலிப்ரி. இப்போது ஆப்டோஸ். கோடிக்கணக்கான மனுக்கள், வினாத்தாள்கள், திருமண அழைப்பிதழ் வரைவுகள் இரண்டு முறை முகம் மாறின, எழுதிய யாரும் தேர்ந்தெடுக்காமலே. ஒரு டாக்எக்ஸ் கோப்பை ஜிப் போலத் திறந்து அதன் தீம் கோப்பைப் பாருங்கள். எந்த எழுத்துமுறைக்கு எந்த எழுத்துரு என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். தமிழுக்கு எதிரே பெரும்பாலும் ‘லதா’ என்றிருக்கும். நாம் தட்டாத ஆங்கிலக் கோப்புகளுக்குள்ளும் லதாவின் பெயர் இருக்கிறது.

லதா என்றதும் எக்ஸ்பி காலத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. எக்ஸ்பியில் தமிழ் இருந்தது, ஆனால் இயல்பாக இல்லை. கண்ட்ரோல் பேனலில் ‘ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்’, அதில் இரண்டாவது தாவல், அதில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்குமான கோப்புகளை நிறுவு என்ற ஒரு சிறு கட்டம். அது டிக் செய்யப்படாமல்தான் வரும். டிக் செய்தால் விண்டோஸ் சிடியைப் போடச் சொல்லும். சிடி யாரிடம் இருக்கிறது? கடைக்காரர் நிறுவிக்கொடுத்துவிட்டுக் கொண்டுபோயிருப்பார். டிக் இல்லாத கணினியில் யூனிகோட் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். எங்கிருந்தோ ஓர் எழுத்துருவைக் கொண்டுவந்து போட்டாலும் கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த நாட்களில், தமிழக அரசு யூனிகோடைத் தமிழுக்கான தரமாக ஏற்றது. அப்போதும் பல அலுவலகங்களில் ஓடியது எக்ஸ்பிதான். ஆணை ஒன்று வந்துவிட்டது; ஒவ்வொரு கணினியாக அந்த டிக்கைப் போட ஆளில்லை. “தமிழ் யூனிகோடில் சரியாக வராது” என்று அன்று பலர் உறுதியாக நம்பியதற்கு, தமிழோ யூனிகோடோ காரணமல்ல. ஒரு காலிக் கட்டம்தான் காரணம்.

எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் அந்தக் கட்டமே இல்லாமல் போனது. தமிழ் எப்போதும் இருக்கும், யாரும் கேட்க வேண்டாம். விண்டோஸ் 8 முதல் ‘நிர்மலா யுஐ’ என்ற எழுத்துரு, மெனுக்களில் தமிழை லதாவைவிட நெருக்கமாகவும் தெளிவாகவும் காட்டுகிறது. மேக்கில் முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துரு கணினியோடு சேர்ந்தே வருகிறது. இன்று ஒரு மாணவி புதுக் கணினியைத் திறந்து, எந்தச் செட்டிங்கையும் தொடாமல், தமிழ்ப் பெயரில் கோப்பைச் சேமித்து, அது சரியாகத் தெரிவதைப் பார்க்கிறாள். இருபது வண்ணங்களை இழந்ததற்கு ஈடாக இது கிடைத்திருந்தால் நான் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அப்படி ஒரு பண்டமாற்று நடக்கவில்லை. ஒன்றைக் கொடுக்க இன்னொன்றை எடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இருக்கவில்லை.

எடுத்தவற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது எழுத்தின் அளவு. விண்டோஸ் 95 முதல் 7 வரை மெனுவுக்கு, தலைப்புக்கு, ஐகானின் பெயருக்குத் தனித்தனி எழுத்துருவும் அளவும் கொடுக்க முடிந்தது. விண்டோஸ் 8இல் எழுத்துரு போய், அளவு மட்டும் மிஞ்சியது. 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் அதுவும் போயிற்று. எழுத்தைப் பெரிதாக்க வேண்டுமானால் திரையில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கு என்றார்கள். பெரிதாக்கினால் சாளரத்தில் பாதி திரைக்கு வெளியே போகும். பார்வை குறைந்தவர்கள் மனம் நொந்த காலம் அது. 2018 அக்டோபர்ப் பதிப்பில், எழுத்தை மட்டும் 225 விழுக்காடு வரை பெரிதாக்கும் ஒரு நகர்த்தி திரும்பி வந்தது. பாகம் பாகமாக அல்ல, மொத்தமாக. வண்ணமும் அப்படித்தான் வேறொரு வாசல் வழியே உயிரோடு இருக்கிறது. விண்டோஸ் 11இல் ‘அக்ஸசிபிலிட்டி’ பகுதிக்குள் ‘கான்ட்ராஸ்ட் தீம்ஸ்’ என்று நான்கு தொகுப்புகள் உள்ளன. ஒன்றைத் தேர்ந்து ‘எடிட்’ அழுத்தினால், பின்னணிக்கு ஒரு நிறம், எழுத்துக்கு ஒரு நிறம், இணைப்புக்கு, தேர்ந்தெடுத்த பகுதிக்கு, பொத்தானுக்கு என்று 1992இன் அந்தப் பழைய பெட்டி சிறிய உருவில் திறக்கிறது. 1995இலேயே விண்டோஸ் இதற்கு ஒரு குறுக்குவழியும் வைத்தது: இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், பிரின்ட் ஸ்கிரீன். இன்றும் அது வேலை செய்கிறது. எல்லோருக்கும் உரியதாக இருந்த வசதி, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான பகுதிக்குள் ஒதுங்கிவிட்டது. அங்கே போகத் தயங்க வேண்டியதில்லை. கண் களைக்கும் யாரும் போகலாம்.

தமிழ் படிக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்து மிக நுணுக்கமான உரிமை இன்னும் மிச்சமிருப்பது ஃபயர்ஃபாக்ஸில். செட்டிங்ஸில் ‘ஃபான்ட்ஸ்’ என்ற இடத்தில் ‘அட்வான்ஸ்டு’ பொத்தானை அழுத்தினால் எழுத்துமுறைகளின் பட்டியல் வரும். அதில் தமிழைத் தேர்ந்தால், தமிழுக்கென்று தனி எழுத்துரு, தனி அளவு, இதற்குக் கீழே போகக் கூடாது என்ற குறைந்தபட்ச அளவு எல்லாம் வைக்கலாம். ஆங்கிலப் பக்கங்கள் அப்படியே இருக்கும். பக்கம் தன்னைத் தமிழ்ப் பக்கம் என்று நிரலில் அறிவித்திருந்தால்தான் இது முழுமையாக வேலை செய்யும். பல தமிழ்த் தளங்கள் அந்த ஒரு குறிப்பைக்கூட எழுதுவதில்லை. தளம் நடத்துகிறவர்கள் அதைச் சேர்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. வீட்டில் செய்தி படிக்கும் பெரியவர்கள் இருந்தால், அந்தக் குறைந்தபட்ச அளவுக் கட்டத்தில் 18 அல்லது 20 என்று போட்டுக் கொடுங்கள்.